கொலையாளி கால்ஷீட்டில் இருக்கிறான்

கணவன் மேல் கொலைப்பழி. அவன் செய்யவில்லை என்று நமக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியாது. மீதிப் படத்தில் அவள் உண்மையான ஆளைப் பிடித்துக் கொடுப்பாள். சில படங்களில் பழி அவள் தலையிலேயே விழும்; அங்கே செத்தது கணவன். அமெரிக்க கேபிள் சேனல்களில், முக்கியமாக 1984இல் தொடங்கிய லைஃப்டைமில், இந்தச் சரக்கு இன்றுவரை சலிக்காமல் ஓடுகிறது. எல்லாம் ஒரே அச்சு என்று திட்டுவது சுலபம். அந்த அச்சை வார்த்தது யார் என்று பார்த்தால், எழுத்தாளரைவிட புரொடக்‌ஷன் மேனேஜருக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

முதலில் கொலையாளியை எடுத்துக்கொள்வோம். இந்த வகைப் படத்தில் இருபதாவது நிமிடத்திலேயே ஆளைச் சொல்லிவிடலாம். துப்பு எதுவும் வேண்டாம், சம்பளக் கணக்கு போதும். ஷூட்டிங் பெரும்பாலும் 12 முதல் 15 நாள். ஸ்கிரிப்ட் சுமார் 90 பக்கம். 15 நாள் கிடைத்தால் நாளைக்கு 6 பக்கம், 12 நாள்தான் என்றால் ஏழரைப் பக்கம். பெரிய சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று பக்கம் எடுத்தாலே நல்ல வேகம். இந்த ஓட்டத்தில் முழுப் படத்துக்கும் கால்ஷீட் வாங்கக்கூடியவர்கள் மூன்று, நான்கு பேர். அவர்களுக்கு அடுத்து ஐந்தாறு நாள் வருபவர்கள் இரண்டு, மூன்று பேர். மற்ற எல்லோரும் ஒரு நாள் வந்து போகிறவர்கள். கொலையாளி என்று கடைசியில் நாம் நம்ப வேண்டுமானால் அவனை ஏழெட்டு சீனிலாவது பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவன் அந்த நடு வரிசையில்தான் இருக்க முடியும். பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து “நீ தைரியமாக இரு” என்று சொல்லிவிட்டுப் போகிற ஒருவருக்குத் தயாரிப்பாளர் ஆறு நாள் சம்பளம் கொடுக்க மாட்டார். கொடுத்திருக்கிறார் என்றால் காரணம் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் “இந்தாள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறான்?” என்று உறுத்தும். அந்த உறுத்தலே போதும், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: கொலையாளிக்குக் கதையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஜாமீனுக்காக அலையும் தொழில் கூட்டாளி, குழந்தைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் நாத்தனார், வழக்கை இலவசமாக எடுத்து நடத்தும் கல்லூரிக் காலத்து சிநேகிதி. இவர்கள் வராவிட்டால் கதை நகராது என்பதால் ஏன் வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கூடவே வேலையில்லாத ஒருவனைத் தூண்டில் புழுவாக உலவ விட வேண்டும்: கடனாளித் தம்பி மாதிரி, மூன்று நாள் கால்ஷீட்டில். இங்கே கஞ்சத்தனம் பார்த்து ஒரு நாள் நடிகரைப் போட்டால் தூண்டில் யார் கண்ணிலும் படாது.

சம்பளக் கணக்கு இன்னொரு இடத்திலும் வெளியே தெரியும். வசனமில்லாத ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஒரே ஒரு வரி பேசினாலும் சங்க விதிப்படி சம்பளப் பிரிவு மாறிவிடும். அதனால்தான் இந்தப் படங்களில் ஓட்டல் சர்வர் காபியை வைத்துவிட்டு ஊமை மாதிரி போய்விடுகிறார்.

சரி, கணவனை ஏன் சிறையில் வைக்கிறார்கள்? நிஜத்திலும் அமெரிக்காவில் கொலை வழக்கில் ஜாமீன் எளிதில் கிடைக்காது, அது ஒரு காரணம். உள்காரணம் வேறு. கண்ணாடித் தடுப்பு, இரண்டு போன், ஒரு ஸ்டூல்: மொத்தச் சிறையும் அவ்வளவுதான். கணவனின் சிறைக் காட்சிகள் அத்தனையும் ஒரே நாளில் முடிந்துவிடும். சட்டையை மாற்ற வேண்டாம், சிறை உடுப்பு ஒன்றே போதும். முகம் தெரிந்த, சம்பளம் அதிகம் கேட்கிற நடிகரைக் கணவனாகப் போட்டு நான்கு நாளில் அனுப்பிவிடலாம். போஸ்டரில் அவர் முகம் பாதி இடத்தை அடைத்திருக்கும். இதே வசதி டிடெக்டிவ் வேடத்துக்கும் உண்டு.

சிறை போன் காட்சிகளில் அடிக்கடி விழும் ஓட்டை ஒன்று. அமெரிக்கச் சிறைகளில் கைதிகளின் போன் பேச்சு பதிவாகிறது, அதை அழைப்பிலேயே அறிவிக்கிறார்கள். வக்கீலோடு பேசுவதற்குத்தான் விலக்கு. படத்திலோ மனைவி, “நாளைக்கு ராத்திரி அவன் ஆபீசுக்குள் நுழையப் போகிறேன்” என்று போனில் சாவகாசமாகச் சொல்கிறாள். இதைச் சரிசெய்யக் காசு எதுவும் செலவாகாது. கணவன் விரலால் கண்ணாடியில் ஒரு எண்ணை எழுதிக் காட்டினால் போதும். சீனும் நன்றாக இருக்கும்.

15 நாள் படத்துக்கு லொகேஷன் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: வீடு 6 நாள், போலீஸ் ஸ்டேஷன் ஒன்றரை, சிறை 1, கோர்ட் 1, அலுவலகம் ஒன்றரை, சாலையும் காரும் 1, ஆஸ்பத்திரி அரை, ஏரிக்கரையிலோ காட்டுக் குடிலிலோ கிளைமாக்ஸ் ஒன்றரை, உதிரி 1. வீட்டுக்கு ஏன் ஆறு நாள்? ஒரு இடத்திலிருந்து மூட்டை கட்டி வேறு இடத்தில் இறங்கினால் 12 மணி நேர வேலை நாளில் இரண்டு மணி நேரம் போய்விடும். அதனால் வாடகைக்கு எடுத்த வீட்டின் மாடிப் படுக்கையறையே மோட்டல் அறையாகும், கீழ்த்தளம் மனநல மருத்துவரின் அறையாகும், கார் ஷெட்டில் சாமான் மாற்றிப் போட்டால் கொலையாளியின் ரகசிய இடம் தயார். ஜன்னல் சட்டத்தை மட்டும் கவனியுங்கள், பல படங்களில் மோட்டலுக்கும் வீட்டுக்கும் ஒரே ஜன்னல்தான் இருக்கும்.

இரவு வெளிப்புறக் காட்சிகளை எழுதுகிறவர் காலண்டரைப் பார்த்து எழுத வேண்டும். இந்தப் படங்களில் கணிசமானவை கனடாவில், வான்கூவர் பக்கமும் ஒட்டாவா பக்கமும் எடுக்கப்படுகின்றன. ஜூன் கடைசியில் வான்கூவரில் சூரியன் மறையவே இரவு 9:20 ஆகிவிடும், காலை 5:10க்குள் மறுபடி உதித்துவிடும். நிஜ இருட்டு ஆறேழு மணி நேரம் கிடைத்தாலே பெரிது, அதற்குள் சாப்பாட்டு இடைவேளை வேறு. “இரவு, வெளிப்புறம்” என்று எட்டு சீன் எழுதியிருந்தால் ஐந்தை மாலை மங்கலுக்கோ வீட்டுக்குள்ளேயோ மாற்றச் சொல்வார்கள். வீட்டுக்குள் இரவு என்றால் பகலிலேயே ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டி எடுத்துவிடலாம்.

கனடாவை அமெரிக்காவாகக் காட்டுவது தனிக் கலை. பணம் அங்கே இழுக்கிறது. கனடாவின் உள்நாட்டுப் படம் என்று சான்று பெற்றால், தகுதியுள்ள உள்நாட்டுச் சம்பளச் செலவில் 25 சதவீதம் மத்திய அரசின் வரிச்சலுகை. அந்தச் சம்பளக் கணக்குக்குத் தயாரிப்புச் செலவில் 60 சதவீதம் உச்சவரம்பு. இதற்கு மேல் மாகாணச் சலுகை தனி. சான்றுக்கு 10 புள்ளியில் குறைந்தது 6 வேண்டும்: இயக்குநருக்கு 2, எழுத்தாளருக்கு 2, முதல் இரண்டு நடிகர்களுக்கு ஒவ்வொன்று, கலை, ஒளிப்பதிவு, இசை, எடிட்டிங்குக்கு ஒவ்வொன்று. இயக்குநர், எழுத்தாளர் இருவரில் ஒருவரும், முதல் இரண்டு நடிகர்களில் ஒருவரும் கனடாக்காரராகவே இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தெரிந்த முகம் ஒன்றே ஒன்று வந்து, சுற்றியிருப்பவர்கள் எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இந்தப் புள்ளிக் கணக்குதான்.

கலைத்துறை கோட்டைவிடும் இடங்களும் வழக்கமானவை. சமையலறை அலமாரியில் சீரியல் டப்பா திரும்பியிருந்தால் பிரெஞ்சு எழுத்து தெரியும், கனடாவில் பாக்கெட் லேபிள் இரண்டு மொழியில். ஒன்டாரியோ வீட்டு ஃபிரிட்ஜில் பால் பிளாஸ்டிக் பையில் இருக்கும். நமக்கு அது வீட்டு வழக்கம், ஓஹையோவில் நடக்கும் கதைக்கு அது அபத்தம். தெருமுனையில் சிவப்புத் தபால்பெட்டி நின்றால் எதையாவது வைத்து மறைக்க வேண்டும். கோர்ட்தான் பெரிய தலைவலி. கனடா நீதிபதி மேஜையில் சுத்தியல் தட்டுவதில்லை, உயர்நிலை நீதிமன்றங்களில் வக்கீல்களும் கறுப்பு அங்கி போடுவார்கள், சுவரில் அரச முத்திரை. நிஜ கோர்ட்டை வாடகைக்கு எடுத்தால் முத்திரையை மூடி, கொடியை நட்டு, சுத்தியலைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அந்த கோர்ட் காட்சியில் ஜூரி வைக்காதீர்கள். பன்னிரண்டு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, உடை, எல்லாவற்றுக்கும் மேல் ஒவ்வொரு ஷாட்டிலும் அவர்கள் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களா என்று சரிபார்க்கும் வேலை. விசாரணைக்கு முந்தைய பூர்வாங்க விசாரணையில் ஜூரி கிடையாது. வழக்கை மேலே கொண்டுபோகப் போதிய முகாந்திரம் உண்டா என்று நீதிபதி தனியாகவே முடிவு செய்வார். காலக்கணக்கும் இதில்தான் ஒத்துவரும். நிஜக் கொலை வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகலாம். படம் நடப்பது மூன்று வாரம். கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் திடீர் சாட்சியும் வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963லேயே சொல்லிவிட்டது. அதையே வில்லத்தனமாக்கலாம்: ஒரு போட்டோ எதிர்த்தரப்பு கைக்கு வரவே இல்லை, ஏன் வரவில்லை?

போலீஸ் முதலில் வாழ்க்கைத் துணையைச் சந்தேகிப்பது கதைக்காகப் புனைந்தது இல்லை. இந்தக் கதை வகைக்குப் பின்னால் எப்போதும் நிழலாடும் நிஜ வழக்கு ஒன்று உண்டு. 1954 ஜூலை 4 அதிகாலையில் ஓஹையோவின் பே வில்லேஜில் டாக்டர் சாம் ஷெப்பர்டின் கர்ப்பிணி மனைவி மேரிலின் படுக்கையிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அடர்ந்த முடியுள்ள ஒருவன் வீட்டுக்குள் இருந்தான், அவனோடு மல்லுக்கட்டினேன் என்றார் டாக்டர். க்ளீவ்லாந்து பத்திரிகைகள் அவரைக் கைது செய்யச் சொல்லி முதல் பக்கத்தில் கூச்சல் போட்டன. அந்த டிசம்பரிலேயே தண்டனை. 1966இல் உச்ச நீதிமன்றம், பத்திரிகை ஆரவாரத்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பை ரத்து செய்தது; அதே ஆண்டு மறுவிசாரணையில் விடுதலை. மனைவியைக் கொன்றதாகப் பழி விழுந்த டாக்டர் ஊர் ஊராக ஓடும் ஏபிசி தொடர் 1963 முதல் 1967 வரை ஓடியது. இந்த வழக்கிலிருந்து எடுக்கவில்லை என்று அதை உருவாக்கியவர் சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை. கவனிக்க வேண்டியது: ஷெப்பர்டுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது, ஆரம்பத்தில் அதை மறுத்தார். அவரை மிக மோசமாகக் காட்டியது அந்தப் பொய்தான்.

எழுதும்போது பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அது. நிரபராதி ஒரு விஷயத்திலாவது பொய் சொல்லியிருக்க வேண்டும். முழுக்க உத்தமனாக இருந்தால் பழி வெறும் துரதிர்ஷ்டமாகிவிடும், ஐம்பதாவது நிமிடத்தில் நமக்குக் கொட்டாவி வரும். மனைவிக்கே அவன் மேல் சந்தேகம் வரும் ஒரு கட்டம் இல்லாவிட்டால் நடுப்பகுதியில் எழுத ஒன்றும் இருக்காது.

துப்புக்கு வருவோம். ஒரு அறை, நான்கைந்து பேர், கையில் ஒரு பொருள். அந்தப் பொருள் பேசினால் வாதம் முடிந்தது. பாண்டியன் சபையில் சிலம்பு உடைந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததை எந்த புரொடக்‌ஷன் மேனேஜரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுமதிப்பார். அந்த மாதிரி மலிவான, கண்ணால் பார்த்தே புரிகிற துப்பு வேண்டும்.

சமையல் அடுப்பின் டிஜிட்டல் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கணவனின் தொழில் கூட்டாளி தன் வீட்டில் கொலையாகிறார். மரண நேரம் இரவு 11 முதல் 4 வரை என்கிறார் மருத்துவர்; உடல் வெப்பத்தை வைத்துச் சொல்லும் நேரம் அப்படி அகலமாகத்தான் இருக்கும், படத்தில் சொல்வது போல “சரியாக 12:10” என்றெல்லாம் வராது. கணவன் ஆபீசில் தூங்கியதாகச் சொன்னான், அது பொய். இரவு 1 மணி முதல் 4:30 வரை அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கேசினோவில் இருந்தது கேமராவில் தெளிவாக இருக்கிறது. ஆனால் 11 முதல் 1 வரை அவனுக்குச் சாட்சி இல்லை. இப்போது போலீஸ் எடுத்த சமையலறை போட்டோ. போட்டோ எடுத்த நேரம் காலை 7:10. பின்னணியில் அடுப்புக் கடிகாரம் 3:40 காட்டுகிறது. கரண்ட் போய் வந்தால் அந்த மாடல் 12:00இலிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். அப்படியென்றால் கரண்ட் திரும்பி வந்தது 3:30க்கு. ஊரில் அன்று மின்தடை இல்லை. யாரோ மெயினை அணைத்து, 3:30க்கு மறுபடி போட்டிருக்கிறார்கள். கதவு மணி கேமரா அன்றிரவு பதிவு செய்யாததற்கும் காரணம் அதுதான்: கேமரா பேட்டரியில் ஓடினாலும் வீட்டு ரவுட்டர் அணைந்துவிட்டால் பல மாடல்களில் பதிவு வெளியே போகாது. கொலை 12 மணிக்கே நடந்திருக்கலாமே என்று அரசு வக்கீல் கேட்பார், கேட்கட்டும். 3:30க்கு மெயினைப் போட்ட கை யாருடையது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. ஸ்மார்ட் மீட்டர் இருக்கிற வீடென்றால் அந்த நேரத்துக்கு மின்செலவு பூஜ்யம் என்று பதிவு தனியாக வரும்.

இந்தத் துப்புக்கு ஆகும் செலவு ஒரு போட்டோ, ஒரு க்ளோஸ்-அப், அரை மணி நேர ஷூட்டிங். நட வேண்டிய முறை: முதல் பகுதியில் மனைவியின் வீட்டில் அதே மாடல் அடுப்பு, புயலில் கரண்ட் போய் வந்தபின் 12:00 என்று மினுக்கி ஓட ஆரம்பிக்கிறது, அவள் அலுத்துக்கொண்டே நேரத்தைத் திருத்துகிறாள். மினுக்குவதோடு நின்று, ஓடாத மாடல்களும் உண்டு. அதனால் இந்தக் காட்சியை வெட்டிவிட்டால் துப்பு செத்தது. கெட்டுப்போவது கன்டினியூட்டியில், அதாவது காட்சிக்குக் காட்சி பொருத்தம் மாறாமல் பார்த்துக்கொள்வதில். சமையலறைக் காட்சிகளை முன்பின்னாக மாற்றி எடுப்பார்கள், பின்னணியில் கடிகாரம் அந்த நிமிடத்து நிஜ நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். துப்பே கடிகாரம் என்பதால் பார்ப்பவர் எல்லாக் காட்சியிலும் அதைப் படிப்பார். சீனுக்குச் சீன் நேரத்தை மாற்றி வைக்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். முடியாவிட்டால் தேவையில்லாத காட்சிகளில் டீ கெட்டிலை முன்னால் நகர்த்துங்கள்.

தடயவியல் காட்சிகளில் இரண்டு மட்டும். ரத்தக்கறையைக் கண்டுபிடிக்கத் தெளிக்கும் லூமினால் என்ற ரசாயனம், நீல விளக்கு அடித்தால் ஒளிர்வதில்லை, அது தானாகவே இருட்டில் ஒளிரும், அதுவும் சுமார் அரை நிமிடம். ப்ளீச் பட்ட தரையிலும் ஒளிரும். கணவன் தரையைத் துடைத்தான் என்பதே ரத்தக்கறைக்குச் சாட்சியாகிவிடும் குழப்பத்தை இங்கே தாராளமாக வைக்கலாம். துப்பாக்கிப் புகைத்துகள் கையில் சில மணி நேரமே தங்கும், கழுவினால் போயே போய்விடும். மறுநாள் எடுத்த சோதனையில் இல்லை என்பதால் அவன் சுடவில்லை என்று வாதாடும் வக்கீலை மாற்றிவிடலாம்.

காப்பீட்டுப் பணமும் ஒரு வாரத்தில் கைக்கு வராது. பயனாளி மேல் சந்தேகம் இருக்கும்வரை கம்பெனி பணத்தை நிறுத்தி வைக்கும். பாலிசி எடுத்து இரண்டு வருஷம் ஆகாவிட்டால் விண்ணப்பத்தையே தோண்டித் துருவும். ஆகவே பயனாளியே நிஜக் கொலையாளி என்றால், கணவன் சீக்கிரம் உள்ளே போயாக வேண்டும் என்ற அவசரம் அவனுக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

அமைப்பில் ஒன்பது பகுதிகள் வழக்கம். முதல் பகுதி விளம்பரமில்லாமல் 20 நிமிடம் வரை ஓடும், சேனல் மாற்றுகிறவரைப் பிடித்து உட்கார வைக்க. அதன் பிறகு ஒவ்வொன்றும் ஏழு, எட்டு, பத்து நிமிடம். இரண்டு மணி நேர இடத்தில் படம் 90 நிமிடத்துக்குள். கைது முதல் பகுதியின் கடைசியில் வர வேண்டும். கொலையாளியைக் கடைசிவரை பொத்தி வைப்பதைவிட ஏழாவது பகுதி முடிவில் நமக்கு மட்டும் காட்டிவிடுவது நல்லது. யார் என்று ஏற்கெனவே ஊகித்தவர்கள்கூட, அவள் அவனுடைய காரிலேயே ஏறுகிறாளே என்று பதறுவார்கள். விளம்பரத்துக்குப் போகும் முன் பொய்யான திடுக்கிடல் ஒன்றுக்கு மேல் வைத்தால், பூனை குதித்தது, நண்பன் தோளைத் தொட்டான் என்று, ரிமோட்டைத் தேடுவார்கள்.

கடைசிப் பகுதி நான்கைந்து நிமிடம்: விடுதலை, “ஆறு மாதம் கழித்து”, வாசலில் குடும்பம். எடுக்கும் வரிசையில் இது மாட்டிக்கொள்வது கணவனின் தாடியில். சிறையில் அவனுக்கு மூன்று வாரத் தாடி, கைதுக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் மழித்த முகம். ஒட்டுத்தாடி க்ளோஸ்-அப்பில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நடிகரைத் தாடியோடு வரச்சொல்லி, முதல் நாள் சிறை, இரண்டாம் நாள் கோர்ட், அன்று மாலையே மழித்துவிட்டு மூன்றாம் நாள் காலை அந்தக் கடைசி வாசல் காட்சி, மதியத்துக்கு மேல் கைதுக்கு முந்தைய வீட்டுச் சண்டை. கோர்ட்டில் ஒரு ஷாட் விட்டுப்போனது ஐந்தாம் நாள் தெரியவந்தால் முதுகுப்பக்கமிருந்துதான் எடுக்க வேண்டும்.